ஸ்டியரிங் பாரமா, என் கை பாரமா

மகன், அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா என்று கேட்டுத் தொடங்கப்போவதில்லை. நேற்றுத்தான் வீடியோவில் பார்த்தேன். கன்னத்தில் சதை வைத்து, தாடியை ஒழுங்காக வெட்டி, மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது, மாஷா அல்லாஹ். போன் இருக்கும்போது உம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் முடிக்குமுன்னமே, "உம்மா, சுருக்கமா செல்லுங்க, டியூட்டிக்கு நேரமாகுது" என்கிறாய். எனக்கே இன்னும் முழுசாக விளங்காத விஷயத்தை நான் எப்படிச் சுருக்குவது? உன் கூட்டாளி லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறான். அவனுடைய பையில் உனக்கு நெத்தலிக் கருவாடு வைக்கிறேன், கூடவே இதையும் வைக்கிறேன். கடதாசியில் கருவாட்டு மணம் ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ ஒவ்வொரு நாளும் கேட்பது ஒரே கேள்விதான்: "வேன வித்தாச்சா?" நிக்காஹ்வுக்கு நீ வந்து இறங்கும்போது வேன் வீட்டில் நிற்கக்கூடாது, உம்மா இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாய். இன்னும் விற்கவில்லை, மகன். ஏன் விற்கவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதுகிறபோதே எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நான் போய்ச் சேர்கிற இடம் சரியா என்று வாசித்துவிட்டு நீயே சொல்லு, ஆனால் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுச் சொல்லு.

அந்த வேனில் எனக்கு ஓட்டப் பழக்கினது நீதான் என்பதை மறந்துவிட்டாயா? எங்கட எத்தாளை ஊர்ப் பெட்டைப் பிள்ளைகளை ஏற்றிக் கற்பிட்டியில் ஸ்கூலுக்கு விடுகிற ஓட்டம் உன்னுடையது. கட்டார் விசா வந்ததும் ஒரு டிரைவரைப் பிடித்து வைக்கலாம் என்று பார்த்தாய். பிள்ளைகளின் உம்மாமார் ஒருத்தியும் ஒத்துக்கொள்ளவில்லை. "தெரியாத ஆம்புளையோட எங்கட புள்ளைகள அனுப்ப ஏலாது. நீங்க ஓட்டுறண்டா அனுப்புறோம் ராத்தா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள். பகிடிக்குச் சொன்னார்களா, உண்மைக்குச் சொன்னார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நீ உண்மை என்று எடுத்துக்கொண்டாய். அசர் தொழுகைக்குப் பிறகு களப்புக் கரையில், தண்ணீர் வற்றிக் காய்ந்து கிடந்த தரையில் என்னை டிரைவர் சீட்டில் இருத்தினாய். நான் ஸ்டியரிங்கை உரல் உலக்கை மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தேன். "உம்மா, கோழிக்குஞ்சப் புடிக்கிற மாதிரி புடிங்க. இறுக்கினா செத்துரும், விட்டா ஓடிரும்" என்றாய். லைசன்ஸ் எடுக்கப் புத்தளத்துக்குப் போன நாளில், வரிசையில் நின்ற பொம்பிளைகளில் மாமியாராகும் வயதில் நின்றது நான் ஒருத்திதான். பாஸ் பண்ணினேன். அன்றைக்கு நீ என்னை விடச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நம்பித்தான் இவ்வளவு காலமும் ஓட்டினேன்.

உன் வாப்பாவுக்கு வேனில் என்ன வேலை என்று உனக்குத் தெரியும். முதுகு விட்டுப்போய், போட்டையும் எஞ்சினையும் விற்று, கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு அவர் எனக்குப் பக்கத்துச் சீட்டுக்கு வந்தார். பிள்ளைகள் ஏறும்போது கதவை இழுத்துத் திறப்பது, மூடுவது, காலையில் பொனட்டைத் திறந்து தண்ணீர் பார்ப்பது. இதெல்லாம் அவருடைய வேலை. அவருக்கு ஓட்டத் தெரியாது, ஓட்டுவது எப்படி என்று சொல்லத்தான் தெரியும். அதிலும் ஒரு கரைச்சல். அவர் ஆயுசு முழுக்க எஞ்சின் கைப்பிடியைப் பிடித்துப் போட் ஓட்டியவர். போட்டில் கைப்பிடியை வலப் பக்கம் தள்ளினால் போட் இடப் பக்கம் போகும். அந்தப் பழக்கத்தில் வேனிலும் நான் இடப் பக்கம் திரும்ப வேண்டிய நேரத்தில் "வலம், வலம்" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் கேட்டுக் கேட்டு, அவர் சொல்வதற்கு எதிர்ப்பக்கம் திருப்பப் பழகிவிட்டேன். அவர் பேச்சைக் காதில் வாங்காமல் விடுவதும் அதோடு சேர்ந்து பழகிவிட்டது போல இருக்கிறது. இதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்டியரிங் எப்போது பாரமாகத் தொடங்கியது என்று கேட்டால் எனக்கு நாள் சொல்லத் தெரியாது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பின நேரம் என்பது மட்டும் ஞாபகம். எங்கட ரோட்டில் சோளகம் அடித்தால் வேனைப் பக்கவாட்டில் தள்ளும், ஸ்டியரிங்கை எதிர்த்துப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும். கை நோவதற்குக் காற்றுத்தான் காரணம் என்று நினைத்தேன். பிறகு காற்றில்லாத நாளிலும் நொந்தது. காலையில் வேனை முற்றத்தில் பின்னுக்கு எடுத்துத் திருப்பினால், நனைந்த வலையை ஒற்றை ஆளாக இழுக்கிற மாதிரி இருந்தது. "உய்ங்" என்று ஒரு சத்தமும் வந்தது. ஓடி ஓடிச் சூடானதும் கொஞ்சம் இலேசாகும். சில நாள் ஆகாது. திருப்பிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு இடத்தில் இறுகும், பிறகு திடீரென்று விடும். ஒரே குணமாக இருந்தால் மனசு ஒரு முடிவுக்கு வந்திருக்கும். அது ஒரு நாளைப் போல மறுநாள் இருக்கவில்லை.

நுரைச்சோலையில் ஒரு கராஜில் காட்டினேன். பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று இறுக்கிவிட்டார்கள். கொஞ்ச நாள் நல்லாயிருந்த மாதிரி இருந்தது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. பாலாவிக்குக் கொண்டுபோனேன். அங்கே மெக்கானிக் ஒரு சிங்களப் பாஸ், வயசான மனுசன், மரியாதையானவர். பவர் ஸ்டியரிங் ஒயில் இருக்கிற சின்ன டாங்கியை வெளியே நின்று பார்த்தார். சிவப்பாக, கோட்டு மட்டத்துக்கு இருந்தது. தலையை ஆட்டினார். முன் சக்கரங்கள் இரண்டையும் ஜக் வைத்துத் தூக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்தி, ஸ்டியரிங்கைக் கையால் திருப்பினார். தடங்கல் இல்லாமல் சுற்றியது. கம்பி, மூட்டு எல்லாம் சரி, கையோடு சேர்ந்து தள்ளுகிற பம்ப்தான் பலமில்லை என்றார். "பம்ப் எக்க இவரய் அக்கே." பம்ப் முடிந்துவிட்டதாம். கொழும்பில் தேடித்தான் எடுக்க வேண்டும், அவசரப்பட வேண்டாம், இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள் என்றார். ஓட்டிப் பார்ப்பதா, ஓட்டாமல் விடுவதா? முடிந்துபோனதை எப்படி ஓட்டிப் பார்ப்பது? தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உன் மாமாவுக்கு, என் தம்பிக்கு, சொன்னேன். நல்ல வெயிலில், நான் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து எஞ்சின் சூடாக நிற்கும் நேரத்தில் வந்தான். ஒற்றைக் கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்றினான். "பஞ்சு மாதிரி ஈக்கி. ஆடத் தெரியாதவ மேடை கோணல் எண்டாளாம் ராத்தா. வேனுல ஒண்டும் இல்ல, உங்கட கையிலதான் வருத்தம். சீனி பாத்தீங்களா?" என்றான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை, மகன். அதுதான் ஆச்சரியம். உடனே என் கையைத்தான் பார்த்தேன். புத்தளத்தில் டொக்டரிடம் போனேன். தோளைத் தூக்கச் சொன்னார், முதுகுக்குப் பின்னால் கட்டச் சொன்னார், என்னால் முடியவில்லை. தோள் மூட்டு இறுகியிருக்கிறது, இரத்தத்தில் சீனி கூடின வருத்தக்காரருக்கு வருகிறதுதான் என்றார். ஆக மாமா சொன்னது சரி. ஆனால் அதே கையால் கிணற்றில் வாளி வாளியாக இழுக்கிறேனே? தேங்காய் துருவுகிறேனே? கை பழுது என்றால் ஏன் சில நாள் மட்டும் ஸ்டியரிங் இலேசாக இருக்கிறது? பக்கத்து வீட்டு மாமி கண்ணூறு என்றா, தண்ணீர் ஓதிக்கொண்டு வந்து தந்தா. கைக்குத் தெளிப்பதா ஸ்டியரிங்குக்குத் தெளிப்பதா என்று விளங்காமல் இரண்டுக்கும் தெளித்தேன். சிரிக்காதே.

வாப்பா மஃரிப் தொழுகைக்குப் பிறகு தைலம் எடுத்து வந்து என் தோளை உருவிவிடுவார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை அது, உருவினால் சுகமாகத்தான் இருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு, பம்பா தோளா, தோளா பம்பா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். நாளுக்கு நாள் ஸ்டியரிங் பாரமாகிக்கொண்டே வந்தது.

கழுதைக் கதையை நீ மாமாவின் வாயால் கேட்டிருக்கிறாய். அவன் உப்புப் புளி சேர்த்துத்தான் சொல்லியிருப்பான். நடந்தது இதுதான். காலையில் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். பள்ளிவாசலைத் தாண்டின வளைவில் ஒரு கழுதை நடு ரோட்டில் நின்றது. எங்கட ஊர்க் கழுதைக்கு ஹோன் அடித்தால் அது காதை மட்டும் திருப்பும் என்பது தெரிந்ததுதானே. பிரேக்கை மிதித்துக்கொண்டு இடப் பக்கம் திருப்பினேன். பாதியில் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. வாப்பா "வலம், வலம்" என்று கத்தினார். நான் இரண்டு கையையும் போட்டு முழுப் பலத்தோடு இழுத்தேன், தோளில் மின்னல் வெட்டின மாதிரி இருந்தது. அப்போது ஸ்டியரிங் திடீரென்று விட்டது. வேன் கழுதையைத் தாண்டி, ரோட்டை விட்டு இறங்கி, வெங்காயத் தோட்டத்து வேலியில் மூக்கை வைத்து மணலில் புதைந்து நின்றது. அல்ஹம்துலில்லாஹ், ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. யாரும் அழக்கூட இல்லை. முன் வரிசையில் இருக்கிற சஹ்ரா மட்டும் எட்டிப் பார்த்து, "வேன் மாமி, கழுதை இன்னும் அங்கயே நிக்கிது" என்றாள். பின்னால் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இந்த முகங்களில் ஒன்றுக்கு ஏதாவது நடந்திருந்தால் அந்த உம்மாவின் வீட்டு வாசலில் நான் எப்படிப் போய் நிற்பது என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கை விட்டதா, பம்ப் விட்டதா, வாப்பாவின் சத்தத்தில் நான்தான் தடுமாறினேனா, மூன்றில் எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் பிள்ளைகளை எப்படி ஏற்றுவது? உம்மாமாரும் நல்ல மாதிரித்தான் சொன்னார்கள். "கொஞ்ச நாளைக்கு பஸ்ஸுல போகட்டும் ராத்தா, நீங்களும் ஓய்வெடுங்க." ஓய்வெடுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கும். பஸ் எங்கட சந்தியில் ஒரு நாள் நிற்கும், ஒரு நாள் நிற்காமல் போகும். சஹ்ரா ஒரு கிழமையில் பாதி நாள் வீட்டில் நின்றாள். அதே நேரத்தில்தான் உன் உத்தரவும் வந்தது. "விடுங்க உம்மா, போதும், வித்துருங்க." எனக்குப் பழக்கின மகனே போதும் என்கிறான் என்றால், எனக்குத் தெரியாதது இவர்கள் எல்லாருக்கும் தெரிகிறது போல என்று நினைத்தேன். சரி என்று மாமாவிடம் சொன்னேன். அவன் மறுநாளே வாங்குவதற்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான்.

அந்த ஆள் வருகிற காலையில் வேனைக் கழுவினேன். பெண் பார்க்க வருகிற வீட்டில் பிள்ளைக்குப் பவுடர் போடுகிற மாதிரி சீட்டெல்லாம் துடைத்தேன். பொனட்டையும் திறந்து துடைக்கலாம் என்று பழைய துவாயோடு போனேன். வாழ்க்கையில் நான் திறக்காத இடம் அது, வாப்பாவுடைய பக்கம். அந்தச் சின்ன டாங்கியின் மூடியில் தூசி இல்லாமல் விரல் பட்டுப் பட்டுப் பளிச்சென்று இருந்தது. ஏன் என்று தெரியாமலே திருகித் திறந்தேன். உள்ளே சவர்க்கார நுரை மாதிரி நுரை, இளஞ்சிவப்பாக. ஒரு மணம் வந்தது. மகன், அந்த மணத்தை எனக்குத் தெரியும். கலியாணம் முடித்த நாளிலிருந்து உன் வாப்பாவின் சாரத்திலும் சேர்ட்டிலும் இருந்து நான் கல்லில் அடித்து அடித்துப் போக்கப் பார்த்த மணம் அது. கடலுக்குப் போகிற எஞ்சினுக்கு மண்ணெண்ணெயோடு கலக்கிற ஒயிலின் மணம். போட் வீட்டை விட்டுப் போய் இவ்வளவு காலத்துக்குப் பிறகு அது எப்படி வேனுக்குள் வந்தது? கை பிழை என்றார்கள், சரி, இப்போது மூக்கும் பிழையோ என்று ஒரு நிமிசம் அப்படியே நின்றேன். துவாயில் தொட்டுத் திரும்பவும் மணந்தேன். அதேதான்.

வாப்பா முற்றத்தில் கதிரையில் இருந்து பாண் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். "இஞ்ச வாங்க. இதுக்குள்ள என்ன ஊத்தினீங்க?" என்றேன்.

"டூ டி ஒயில்" என்றார், பெருமையாக. "போட்டோட மிஞ்சின போத்தல் கிடந்திச்சே. வேனுல ஒயில் குறைஞ்சுபோய் கிடந்திச்சி. நல்ல ஒயில் புள்ள, அதுவும் சிவப்பு, இதுவும் சிவப்பு. குறையக் குறைய ஊத்துறன்."

"எப்ப இருந்து?"

"சோளகம் தொடங்கினதுல இருந்து."

"அது போட் ஒயில் அல்லவா!" என்று கத்தினேன்.

"கடல்ல ஓடின ஒயில் ரோட்டுல ஓடாதா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார், மகன். விளையாட்டில்லை.

"என்ட கை இப்பிடி நோகக்குள்ள, கராஜ் கராஜா நான் அலையக்குள்ள, ஏன் நீங்க ஒரு வார்த்தை செல்லல்ல?"

பாண் துண்டைப் பீரிசில் வைத்தார். "நீ என்னட்ட கேக்கல்லயே புள்ள" என்றார்.

நான் அவரைப் பேசிய பேச்சு பக்கத்து வளவுக்குக் கேட்டிருக்கும். பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தீர்களே என்று கூடச் சொன்னேன். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் எழும்பிக் களப்புப் பக்கம் போய்விட்டார். வேன் வாங்க வந்த ஆளும் மாமாவும் வந்தபோது முற்றத்தில் நான் மட்டும் திறந்த பொனட்டுக்கு முன்னால் துவாயோடு நின்றேன். "இண்டைக்கு விக்க ஏலாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தான். ராத்தாவுக்குச் சீனி தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பான்.

கோபம் இறங்கின பிறகு எனக்கு வந்தது வெட்கம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான் என்னுடைய கதை. நுரைச்சோலையில் கேட்டேன், பாலாவியில் கேட்டேன், தம்பியிடம், டொக்டரிடம், ஓதுகிற மாமியிடம், கடல் கடந்து தோஹாவில் இருக்கிற உன்னிடமும் கேட்டேன். ஒவ்வொரு காலையும் அந்தப் பொனட்டைத் திறந்து பார்க்கிற மனுசனிடம் மட்டும் கேட்கவில்லை. அவர் என் தோளை உருவிக்கொண்டிருக்கும்போது கூடக் கேட்கவில்லை. கடலை விட்ட நாளிலிருந்து இந்த வீட்டில் யார்தான் அவரிடம் எதைக் கேட்டோம்? நீயும் போனில் "வாப்பா எப்பிடி?" என்று என்னிடம்தான் கேட்கிறாய். பக்கத்தில் இருக்கிறவரிடம் போனைக் கொடுக்கச் சொல்வதில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் தன்னுடைய கடைசிப் போத்தலை, எனக்கு உதவி என்று நினைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியிருக்கிறார். அதுதான் என் கையைப் பிடித்து இழுத்தது. இதில் நான் யாரைக் கோபிப்பது? எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அடுத்த நாள் நாங்கள் இரண்டு பேரும் வேனை மெல்ல உருட்டிக்கொண்டு பாலாவிக்குப் போனோம். வாப்பாவைத்தான் பாஸிடம் சொல்ல வைத்தேன். பாஸ் கேட்டுவிட்டு, டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நானும் பிழை. சிவப்பு பாத்தது, விட்டது. மூடி தொறந்து பாக்கல்ல" என்றார் தன்னுடைய தமிழில். அவர் விளங்கப்படுத்தினது இதுதான்: "அக்கே, இதுல போடுறது தள்ளுற ஒயில். போட்டுல போடுறது எரியிற ஒயில். எரியிற ஒயில் இங்க வந்தா நுரைக்குது. நுரை எப்பிடித் தள்ளும்?" டாங்கிக்கு ஒயில் திரும்பி வருகிற ரப்பர் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டார். முன் சக்கரங்களைத் தூக்கி வைத்து, எஞ்சினை எழுப்பாமல், என்னை ஸ்டியரிங்கில் இருத்தி இரண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பச் சொன்னார். ஒவ்வொரு திருப்பலுக்கும் அழுக்கு நுரை போத்தலுக்குள் துப்பியது. மேலே புது ஒயில் ஊற்ற ஊற்ற, கீழே வருவது தெளிந்துகொண்டே வந்தது. போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்தது வாப்பாதான். அந்த ரப்பர் குழாயின் நுனி வெடித்திருந்தது, முதன்முதலில் ஒயில் குறைந்ததற்குக் காரணம் அதுதான். அதை மாற்றினார். அந்தக் குழாயை அன்றைக்கே ஒருத்தர் கண்டிருந்தால் இவ்வளவும் இல்லை.

இப்போது எல்லாம் சரியா என்று கேட்பாய். அங்கேதான் எனக்குத் திரும்பவும் குழப்பம். ஸ்டியரிங் இலேசாகிவிட்டது, பழைய கோழிக்குஞ்சுப் பிடி போதும். ஆனால் குளிர்ந்து நிற்கிற காலையில் இன்னும் மெல்லிசாக ஒரு "உய்ங்" கேட்கிறது. பம்ப் இவ்வளவு காலம் பிழையான ஒயில் குடித்திருக்கிறது, நின்றாலும் நிற்கும், போனாலும் போகும், சத்தம் கூடினால் உடனே கொண்டு வாருங்கள் என்றார் பாஸ். என் தோளும் அப்படித்தான். புர்தாவைத் தலைக்கு மேலால் போடும்போது நோகிறது. டொக்டர் சொன்னதும் பொய்யில்லை. வேனும் பழுது, கையும் பழுது, இரண்டும் ஒரே காலத்தில் வந்து ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஒளித்துக்கொண்டிருந்தன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஏலாது. டொக்டர் காட்டித் தந்த மாதிரி சுவரில் விரலை ஏற்றி ஏற்றிப் பயிற்சி செய்கிறேன். காலையில் புறப்படுமுன்னம், பிள்ளைகள் ஏறுமுன்னம், முற்றத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்க்கிறேன். பாரமாக இருந்தால் அன்றைக்கு வேன் போகாது. அந்த முடிவில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை.

முதலில் வெறும் வேனோடு, வாப்பாவைப் பக்கத்தில் இருத்தி, கற்பிட்டி வரைக்கும் போய் வந்தேன். அதே வளைவில் ஒரு கழுதை நின்றது. அதே கழுதையா வேறா தெரியாது. வாப்பா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, கையை நீட்டி இடப் பக்கத்தைக் காட்டினார். சரியான பக்கம்! இரண்டு விரலால் திருப்பினேன். "பாரமா ஈக்கா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "அண்டைக்கு நான் பேசினது பிழை. மனசுல வெச்சிக்க வாணாம்" என்றேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ஒயில் போத்தலுல இன்னம் கொஞ்சம் ஈக்கி, கேட் பிணைச்சலுக்குப் போடவா?" என்றார். இப்போது எங்கட கேட்டும் வேன் கதவும் சத்தமே இல்லாமல் திறக்கின்றன. வந்து பார். சஹ்ராவின் உம்மாவிடம் நானே போய், நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அடுத்த திங்கள் சஹ்ரா வேனில் ஏறினாள். மற்றவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கட்டும், நானென்றாலும் பார்ப்பேன்.

நீ குடும்பம் நடத்தப் போகிறாய், அதனால் இரண்டு வார்த்தை. கரைத்தீவில் மருமகளைப் பார்க்கப் போனபோது அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் காதுக்குள், "மாமி, எனக்கும் ஓட்டப் பழக்குவீங்களா?" என்று கேட்டாள். உன்னிடம் கேட்கப் பயம் என்றாள். வீட்டில் ஏதாவது பாரமாகத் தொடங்கினால், மகன், ஊரில் கேட்குமுன்னம் பக்கத்தில் இருப்பவளிடம் கேள். அவள் சொல்வது சில நேரம் போட் ஒயில் மாதிரி இருக்கும், இருந்தாலும் கேள். அவளிடமும் "சுருக்கமா செல்லு" என்று சொல்லாதே. நான் உன் வாப்பாவோடு இவ்வளவு காலம் குடும்பம் நடத்திவிட்டு இப்போதுதான் பழகுகிறேன், நீ முன்னுக்கே பழகிக்கொள்.

வேனை விற்கவில்லை, விற்கவும் போவதில்லை. நீ கோபிப்பாய், தெரியும். நீ வருகிற அன்றைக்கு மாமாவின் காரை அனுப்பச் சொல்லியிருக்கிறாய். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிலாபம் தாண்டி நான் ஓட்டினதில்லை, கட்டுநாயக்க ஏர்போர்ட் வரைக்கும் போக முடியுமா என்று பயமாகத்தான் இருக்கிறது. காலையில் திருப்பிப் பார்ப்போம், இலேசாக இருந்தால் இன்ஷா அல்லாஹ் நாங்கள்தான் வருவோம். நீ வெளியே வந்து சலாம் சொல்லிவிட்டு, பெட்டியைப் பின்னால் வை. டிரைவர் பக்கக் கதவுக்கு வராதே, அங்கே நான் இருப்பேன். மற்றப் பக்கத்துக்கும் வராதே, அது வாப்பாவின் இடம். எங்களுக்குப் பின்னால், சஹ்ரா இருக்கிற முன் வரிசை சீட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன். அதில் ஏறி இரு, மகன். கதவை வாப்பா மூடுவார்.